கத்தரீனாள் பார்க்காத சிங்கங்கள்

கத்தரீனாளுக்குச் சிங்கம் பார்க்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. காந்தலூரில் அவள் வீட்டுக்குக் கீழே இருந்த பூண்டுக் காட்டுக்குப் பன்றி வரும், சில மாதங்களில் யானையும் வரும். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஆனாலும் கென்யாவிலிருந்து மகன் ஜின்சன் போன் செய்து, "இந்தத் தடவையாவது ரெண்டு பேரும் வாங்கம்மா, சஃபாரி கூட்டிட்டுப் போறேன்" என்று கேட்டபோது, "சரி, சீக்கிரம் டிக்கெட் போடு" என்றாள். ஜின்சனுக்கே ஆச்சரியமாகிவிட்டது. அவன் கூப்பிடும்போதெல்லாம் பூண்டு எடுக்கணும், கோழியை யார் பார்ப்பா, அப்பாவுக்குக் கால்வலி என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தவள் அவள்.

அவசரத்தின் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் கணவர் சுவக்கீனுக்கு மறதி வந்திருந்தது.

சுவக்கீன் சூரியநெல்லிப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வாச்சராக இருந்தவர். தோட்டத்துக்குள் யானை இறங்காமல் காவல் காப்பது அவர் வேலை. கையில் ஒரு தகர டப்பா, ஒரு கம்பு, பட்டாசு கொஞ்சம். கத்தரீனாள் அதே தோட்டத்தில் காய் எடுத்தாள். கல்யாணமான புதிதில் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் படுத்துக்கொண்டு அவர் டப்பா தட்டும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். பிறகு பிள்ளை பிறந்து, படித்து, வேலைக்குப் போய், இவர்கள் வேலையிலிருந்து நின்று, லயத்தைக் காலி செய்துவிட்டு காந்தலூரில் ஒரு துண்டு நிலம் வாங்கி வந்த பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்கக் கற்றுக்கொண்டாள்.

அந்தத் தூக்கம் நீடிக்கவில்லை. வீட்டு ஜெபமாலையை எப்போதும் சுவக்கீன்தான் சொல்லிக் கொடுப்பார். ஒருநாள் பாதியில் நின்றுவிட்டார். சொன்னதையே சொன்னார். கூடியிருந்தவர்கள் களைப்பு என்று நினைத்தார்கள். அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிடப் போனவர் பக்கத்து வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "கத்தரீனா, காப்பி கொண்டா" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாலையில், "ஜின்சன் ஸ்கூல் விட்டு வந்துட்டானா?" என்று கேட்டார். மறுநாளே அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

உடுமலைப்பேட்டையில் ஓர் ஆசுபத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் இளம் வயதுக்காரர். கனிவாகத்தான் பேசினார். மாத்திரை கொடுத்தால் மெதுவாகப் போகும், நிற்காது என்றார். இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து, வீட்டு ஆட்களையே அடையாளம் தெரியாமல் போகலாம் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில், சின்னாறு செக்போஸ்ட்டில் நின்றபோது சுவக்கீன் வெகு தெளிவாக இருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஜின்சன்கிட்ட சொல்லிராத" என்றார். "சொன்னா வேலைய விட்டுட்டு வந்து நிப்பான்."

"சொல்லல" என்றாள் கத்தரீனாள்.

சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். மகன் முகம் இவருக்குத் தெரிகிற காலத்திலேயே இவரைக் கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்திவிட வேண்டும். அவன் ஆசைப்பட்டபடி நாலு நாள் அவனோடு சுற்றட்டும். யாரும் கண்டுபிடிப்பதற்குள் திரும்பிவிடலாம். அவள் திட்டம் அவ்வளவுதான்.

கொச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழி முழுவதும் அவள் அவருக்குப் பாடம் எடுத்தாள். எங்க போறீங்க? கென்யா. யாரப் பாக்க? மகன. மகன் பேரு? ஜின்சன். வண்டியில் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர், பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி முதல் கேள்வியையே மலையாளத்தில், "எவிடேக்கா போகுந்நது, அப்பச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது, கத்தரீனாள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் குறுக்கே புகுந்து எல்லாப் பதிலையும் தானே சொன்னாள். அதிகாரி அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அவள் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்துபோயிருந்தது.

நடுவில் இறங்கி வேறு விமானம் மாறிய ஊரில் அவர் கழிப்பறைக்குப் போனார். அவள் வாசலிலேயே நின்றாள். எத்தனையோ ஆண்கள் உள்ளே போய் வந்தார்கள், அவர் வரவில்லை. உள்ளே போகவும் முடியாது. கடைசியில் தாடி வைத்த ஒரு மலையாளி இளைஞனைக் கைகூப்பி நிறுத்தி, பேர் சொல்லி அனுப்பினாள். அவன் சுவக்கீனைத் தோளில் கைபோட்டு அழைத்துவந்தான். திருகு இல்லாத குழாயைப் பார்த்துக்கொண்டு அதை எப்படித் திறப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றிருந்தாராம். "எனக்கும் ஆத்யம், முதல்ல, தெரியாம இருந்துச்சு அம்மச்சி" என்றான் அந்தப் பையன் அரைகுறைத் தமிழில். அவன் போன பிறகு கத்தரீனாள் ஒரு தூணுக்குப் பின்னால் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜின்சன் நைவாஷா என்ற ஊரில் ரோஜாப் பண்ணை ஒன்றில் மேற்பார்வை பார்த்தான். அவன் மனைவி டின்சி கொழிஞ்சாம்பாறைக்காரி, அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். நைரோபி விமான நிலைய வாசலில் மகனைப் பார்த்ததும் சுவக்கீன் இரண்டு கைகளாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏலே ஜின்சா, இளைச்சுட்டியே" என்றார். கத்தரீனாளுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்றிருந்தது. இத்தோடு திரும்பிப் போகச் சொன்னாலும் போயிருப்பாள்.

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. சுவக்கீன் ரோஜாக் கூடாரங்களுக்குள் மகனோடு நடந்தார், சொட்டு நீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். கத்தரீனாள் பின்னாலேயே நடந்தாள். யாராவது அவரிடம் கேள்வி கேட்டால், அவர் வாய் திறப்பதற்கு முன் இவள் பதில் சொன்னாள். ராத்திரி என்ன சாப்பிடுகிறார், ஊரில் மழை எப்படி, தூக்கம் வந்ததா, எல்லாவற்றுக்கும் இவளே பதில்.

"அம்மா, அப்பாவக் கொஞ்சம் பேச விடேன்" என்றான் ஜின்சன் எரிச்சலாக.

"அவருக்குத் தொண்ட கட்டியிருக்குலே."

"ஏனுங்க அத்தை, நீங்க செத்த உக்காருங்க. மாமாவ நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்றாள் டின்சி. கத்தரீனாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கழுத்தை நீட்டி அவரைத் தேடினாள்.

சஃபாரி மாசாய் மாரா என்ற விலங்குகள் காப்பகத்துக்கு. கமாவு என்ற டிரைவர் கூரை தூக்கித் திறக்கிற பெரிய ஜீப்போடு விடிந்ததும் வந்து நின்றார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. வழிகாட்டியும் அவரே. பெரிய பள்ளத்தாக்கில் இறங்கி, நரோக் என்ற ஊரைத் தாண்டி, மதியத்துக்கு மேல் புல்வெளிக்குள் நுழைந்தார்கள். மலையும் காடுமாகவே பார்த்துப் பழகிய கத்தரீனாள் சுவக்கீனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஒளிந்துகொள்ள ஒரு மரம் இல்லை. வானம் தரைவரை வந்து இறங்கியிருந்தது. ஓர் ஆள் நடந்து போய்விட்டால் எந்தப் பக்கம் போய்த் தேடுவது?

வண்டிக்குள் இருக்கும்வரை பரவாயில்லை, கதவு சாத்தியிருக்கிறது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒரு புதரோரமாகச் சிங்கக் கூட்டம் படுத்திருந்தது. கமாவு எஞ்சினை நிறுத்தினார். ஜின்சனும் டின்சியும் கூரைத் திறப்பில் எழுந்து நின்று படம் பிடித்தார்கள். ஒரு பெண் சிங்கம் வண்டி நிழலுக்கே வந்து சக்கரத்தோரம் படுத்துக்கொண்டது. "அம்மா, பாரும்மா, கீழ பாரு!" என்று ஜின்சன் கிசுகிசுத்தான்.

கத்தரீனாள் பார்த்துக்கொண்டிருந்தது சுவக்கீனின் கையை. அந்தக் கை கதவின் கைப்பிடியில் இருந்தது.

"என்ன செய்யுறீங்க?"

"ஒண்ணுக்குப் போகணும்" என்றார் அவர், வீட்டுக் கொல்லைக்குப் போகிறவரைப் போல.

அவள் அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். அவர் கொஞ்சம் பலமாக இழுத்தார். அவளும் விடவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் அந்தக் கைப்பிடியோடு மல்லுக்கட்டினார்கள். மேலே நின்ற பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை. முன்னாடிக் கண்ணாடியில் கமாவு பார்த்துவிட்டார். எதுவும் கேட்காமல் எஞ்சினைக் கிளப்பி, வெகு தூரம் போய்ப் புல் குட்டையாக இருந்த ஒரு வெட்டவெளியில் நிறுத்தி, தானே முதலில் இறங்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, அவரை இறக்கிக் கூடவே நின்றார்.

"என்ன, டிரைவர் அங்கிள் அதுக்குள்ள கிளப்பிட்டாரு, நல்லா ஒரு படம்கூட எடுக்கல" என்றான் ஜின்சன்.

தங்கும் இடம் ஆற்றங்கரையில் வரிசையாகப் போட்ட கூடாரங்கள். கட்டிலும் மெத்தையும் விளக்கும் எல்லாம் உண்டு. வேலி மட்டும் இல்லை. முகாமை நடத்திய பெண்மணி விதிகளைச் சொல்ல, ஜின்சன் தமிழில் சொன்னான்: தனியாக வெளியே நடக்கக் கூடாது. எங்கே போவதானாலும் விசில் ஊத வேண்டும், காவல்காரர் வந்து கூட்டிப் போவார். நீர்யானை கரையேறும், யானைகள் கூடாரங்களுக்கு நடுவில் நடந்து போகும்.

"சுத்தி வேலி போடலியா?" என்று கேட்டாள் கத்தரீனாள்.

"அதுதாம்மா இந்த இடத்தோட அழகே."

அந்த ராத்திரி தன் சேலை முந்தானையை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்தில் மாசாய் மக்களின் ஊருக்குக் கூட்டிப் போனார்கள். சாணியும் மண்ணும் குழைத்துப் பூசிய தாழ்வான வீடுகள், சுற்றிலும் முள்வேலி, நடுவில் மாட்டுப் பட்டி. சிவப்புத் துணி போர்த்திய இளைஞர்கள் வரிசையாக நின்று, தொண்டைக்குள்ளிருந்து ஒரு முழக்கம் எழுப்பியபடி ஒவ்வொருவராக முன்னால் வந்து, கால் மடங்காமல் நேராக எம்பிக் குதித்தார்கள். ஒரு பெண் கத்தரீனாள் கழுத்தில் மணிமாலை ஒன்றைப் போட்டு வைத்துப் பார்த்தாள். கத்தரீனாளின் கவனம் அங்கேயும் இல்லை. சுவக்கீன் முள்வேலியின் ஓரமாக நடந்து, வாசலை முள்ளால் எப்படி அடைக்கிறார்கள் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"நல்ல கட்டு" என்றார். பிறகு ஜின்சன் பக்கம் திரும்பி, உடம்பை லேசாக முன்னால் வளைத்து, தலைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "சார், நம்ம ஏழாம் நம்பர்க் காட்டுக்கும் இது மாதிரி போட்டா நல்லது சார்" என்றார்.

ஜின்சன் வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தியா டின்சி? அப்பா என்னைய ஃபீல்டு ஆபீசர் ஆக்கிட்டாரு!" டின்சியும் சிரித்தாள், ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. கத்தரீனாள் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். மகனைப் பார்க்கக் கூட்டிவந்தாள். மகன் எதிரிலேயே நிற்க, இவர் அவனிடம் தோட்டத்து ஆபீசரைக் கண்டுவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் நடந்ததுதான் அவள் இன்றைக்கும் சொல்லச் சொல்ல மூச்சு வாங்கும் விஷயம்.

காலைச் சுற்று முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. போனுக்குச் சார்ஜ் போட ஜின்சனும் டின்சியும் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போயிருந்தார்கள். காவல்காரர் வெந்நீர் கொண்டுவந்து, கூடாரத்துக்குப் பின்னால் தொங்கிய தோல்பை போன்ற பையில் ஊற்றிவிட்டுப் போனார். அதிலிருந்து குழாய் வழியாக உள்ளே தண்ணீர் விழும். கத்தரீனாளுக்கு அன்றைக்குக் குளித்தே ஆக வேண்டும்போல் இருந்தது. கூடாரத்தின் ஜிப்பைக் கீழ்வரை இழுத்து, அதன் வளையத்தில் ஓர் ஊக்கையும் மாட்டினாள். சுவக்கீனைக் கட்டிலில் உட்கார வைத்து, "இங்கனயே இருங்க, வந்துருதேன்" என்றாள். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. டங், டங், டங். தகரத்தில் கம்பு விழும் சத்தம். பின்னாலேயே குரல்: "ஏய்ய்... போ! மேல போ! ஏறிப் போ!"

பல வருஷங்களாகக் கேட்காத குரல் அது. அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை அவருக்கு ஒன்றுமில்லை என்று லயத்தில் படுத்திருந்த பழக்கத்தில், ஒரு கணம் அவள் உடம்பு அமைதியானது. அடுத்த கணம்தான் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது.

பாவாடைமேல் சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கூடார வாசல் திறந்து கிடந்தது. கை கழுவ வெளியே மரத் தாங்கியில் வைத்திருந்த தகரப் பேசினைக் காணோம். கூடாரங்களுக்குப் பின்னால், முள்மரங்கள் நின்ற சரிவில் சுவக்கீன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பேசின், ஒரு கையில் கம்பு. அவருக்கு எதிரே, நம் ஊர் ரேஷன் கடை வரிசை அளவு தூரம்கூட இருக்காது, யானைகள் நின்றன. நடுவில் ஒரு குட்டி. முன்னால் நின்ற பெரிய பெண் யானை காதுகளை இரண்டு பக்கமும் விரித்துத் தலையை உயர்த்தியிருந்தது. இங்கே பெண் யானைக்கும் தந்தம் இருந்தது.

கத்தரீனாள் அவரை நோக்கி ஓட, காலி வாளியோடு திரும்பி வந்த காவல்காரர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த உயரமான மனிதர் வாயில் விரலை வைத்து, அசையாதே என்று சைகை காட்டினார். அதற்குள் சத்தம் கேட்டு ஜின்சன் ஓடிவந்துவிட்டான்.

"அப்பா! அப்பா! வாங்கப்பா!"

சுவக்கீன் திரும்பவே இல்லை. யானை திரும்பியது. மகனின் கூச்சல் வந்த பக்கம் தலையை ஆட்டி, மண்ணைக் காலால் உதைத்துப் புழுதி கிளப்பி, ஒரு பிளிறலோடு முன்னால் வந்து நின்றது. டின்சி வீறிட்டாள். காவல்காரர் ஜின்சனின் தோளைப் பிடித்து அழுத்தினார். சுவக்கீன் அசையாமல் இன்னும் ஓங்கித் தட்டினார். டங், டங்.

அப்பா என்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது என்று கத்தரீனாளுக்குப் புரிந்துவிட்டது. அவர் நின்ற இடத்தில் அவருக்குப் பிள்ளையே பிறந்திருக்கவில்லை. அவர் காவலில் நிற்கிறார். அடுத்த ஆள் வராமல் காவலை விட்டு இறங்கினால் வேலை போய்விடும். ஓடி வா என்றால் ஒரு வாச்சர் எப்படி வருவார்?

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏலச் செடிகளுக்கு நடுவிலிருந்து பெண்கள் மேட்டுக்குக் குரல் கொடுப்பதுபோல, நிதானமாக இழுத்துக் கூப்பிட்டாள்.

"வாச்சரே... மாத்து ஆள் வந்தாச்சு... எறங்கி வாரும்..."

பேசின் சத்தம் நின்றது.

"யாரு வந்துருக்கா?" என்று திரும்பாமலே கேட்டார் சுவக்கீன்.

"புது ஆளு. உம்ம எறங்கச் சொல்லி ஆபீசுலேர்ந்து அனுப்பியிருக்காக."

அவள் காவல்காரரைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினாள். அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் ஏதோ புரிந்துகொண்டு, வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஓரெட்டு ஓரெட்டாகச் சுவக்கீன் பக்கத்தில் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். சுவக்கீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பேசினையும் கம்பையும் அவர் கையில் கொடுத்தார்.

"குட்டி இருக்கு. பெரியவ கோவக்காரி" என்றார் தணிந்த குரலில். "நீரு சத்தம் மட்டும் போடும். கிட்டப் போயிராதேயும்."

காவல்காரர் தலையாட்டினார். இருவரும் முதுகைக் காட்டாமல், பக்கவாட்டிலேயே நகர்ந்து வந்தார்கள். யானை இன்னும் கொஞ்ச நேரம் காதை விரித்தபடி நின்றது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பியது.

சுவக்கீன் சரிவில் இறங்கி வந்தார். வழியில் நின்ற ஜின்சனுக்கு முன்னால் நின்று, தலையைத் தாழ்த்தி, "நான் வாறேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போனார். இந்த முறை ஜின்சன் சிரிக்கவில்லை. அப்பா போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். கத்தரீனாள் ஈரத்தலையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு நாளாம்மா இப்படி?"

"போன மழைக்கு முன்னாடிலேர்ந்து."

"டாக்டர்?"

"உடுமலையில பாத்தோம். மாத்திரை குடுக்கேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவருதான் சொல்லாதன்னாரு."

"அவருக்கு மறதிம்மா! உனக்கு என்ன வந்துச்சு?" ஜின்சன் கத்தினான். "வேலியே இல்லாத இடத்துக்குக் கூட்டியாந்துருக்கேன். நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூட்டியாந்துருப்பேனா? இப்ப அந்த யானை மிதிச்சிருந்தா என்ன செய்யுறது? நாந்தான் கொன்னேன்னு ஆயிருக்கும்ல?"

அவன் சொன்னது அத்தனையும் சரிதான். கத்தரீனாள் சொன்னாள்:

"இன்னொரு வருசம் போனா அவருக்கு உன்னத் தெரியாதுன்னுட்டாக. தெரியுறப்பவே உன் கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்தணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் யோசிக்கலலே."

ஜின்சன் விலகிப் போய்க் கமாவின் வண்டிமேல் கைகளை ஊன்றிக்கொண்டு நின்றான். டின்சி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, தன் துப்பட்டாவால் அவள் தலையைத் துவட்டிவிட்டாள்.

"அத்தை, நேத்தே மாமா என்னைய யாருன்னு கேட்டாருங்க. உங்க மருமகள்னு சொன்னேன். 'நல்லதும்மா'ன்னாரு. அப்பவே எனக்குப் பட்டுதுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன். நானும் சொல்லியிருக்கணுமுங்க."

கத்தரீனாள் அவள் மடியில் தலையை வைத்து அழுதாள். வெட்கமாக இருந்தது. கூடவே, மார்மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியதுபோலவும் இருந்தது.

முகாமை நடத்திய பெண்மணி கோபப்படவில்லை. ஆனால் இனி இங்கே தங்க வைக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். போகிற வழியில்கூடப் புல்வெளியைக் கடந்துதான் போக வேண்டும். ஜின்சன் இந்த முறை கூரைத் திறப்பில் எழுந்து நிற்கவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். கத்தரீனாளைக் கமாவுக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் உட்காரச் சொன்னார்கள். வண்டி நகர்ந்து சிறிது நேரத்திலேயே அவள் தூங்கிப்போனாள். வாய் திறந்து, தலை சாய்ந்து, காந்தலூர் வீட்டில்கூட அப்படித் தூங்கியதில்லை. பாதையை மறித்துக்கொண்டு பிடரி பெருத்த ஆண் சிங்கங்கள் இரண்டு படுத்திருந்ததும், அவை எழுந்து போகும்வரை வண்டி வெகுநேரம் நின்றதும் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். யாரும் அவளை எழுப்பவில்லை.

நைரோபியில் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். உடுமலைக்காரர் சொன்னதையேதான் அவரும் சொன்னார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று ஜின்சன் நின்றான். "அவரு பயந்ததே இதுக்குத்தான்" என்று கத்தரீனாள் சண்டை போட்டாள். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் இரண்டு நாள் பேச்சே இல்லை. கடைசியில் அவன் லீவு போட்டு அவர்களோடு ஊர்வரை வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பினான். ஆனால் அதே வருஷம் ஓசூர்ப் பக்கம் ஒரு பூப்பண்ணையில் வேலை தேடிக்கொண்டான். சம்பளம் குறைவு. டின்சிக்குப் பள்ளிக்கூட வேலை போனதில் வருத்தம் உண்டு, அதை அவள் மறைக்கவும் இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஜின்சன் மலையேறி வருகிறான். சில நாள் அப்பாவுக்கு அவன் மகன், சில நாள் யாரோ. யாரோவாக இருக்கும் நாட்களில் அவன் வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே வருவான்.

கத்தரீனாள் ஊரில் எல்லோரிடமும் சுவக்கீனின் மறதியைச் சொல்லிவிட்டாள். கோயில் பங்குச் சாமியாரிடம், பஸ் கண்டக்டர்களிடம், ஜீப் ஸ்டாண்டில், பால் சொசைட்டியில். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இப்போதும் குழாயடிக்குப் போனால் பாதி வழியில் திரும்பிப் பார்க்கிறாள், ராத்திரி அவர் புரண்டால் விழித்துக்கொள்கிறாள். ஆனால் அவள் பயத்தை ஊரும் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது.

போன சீசனில், வெளியூர் வண்டிகள் நிறைய வந்த ஒரு மத்தியானம், சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சுவக்கீனைக் காணோம். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மெயின் ரோட்டில் பழக்கடை வைத்திருக்கும் கமலாத்தாள்.

"ஏனுங்க கத்தரீனா, தேடாதீங்க. உங்கூட்டுக்காரரு இங்க எங்கடையிலதான் இருக்காரு."

"அய்யோ, என்ன செய்யுறாரு?"

"ப்ளம்ஸ் விக்கறாருங்க. சொன்னா கேக்கமாட்டேங்கறாரு. ஆனா நல்லாத்தான் விக்கறாரு."

கத்தரீனாள் செருப்பை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"விக்கட்டும்" என்றாள். "நான் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வாறேன்."